போர்ஷே 914-இன் சேசிஸுக்குத் தகடு வைத்து வலுவூட்டுவது எப்படி

போர்ஷே 914-இன் கூரை கண்ணாடியிழையால் ஆனது. நான்கு கொக்கிகளை விடுவித்தால் கையோடு வந்துவிடும், பின் டிக்கியில் வைத்துவிட்டு ஓட்டலாம். வண்டியின் உறுதிக்கு அந்தக் கூரை எதையும் சேர்ப்பதில்லை. முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்துப் பிடித்திருப்பது கதவுகளுக்குக் கீழே இரு ஓரத்திலும் முன்பின்னாக ஓடும் தகட்டுப் பெட்டிகளும், இரு சீட்டுகளுக்கும் நடுவே தரையில் மேடாக ஓடும் சுரங்கமும், தரைத்தகடும்தான். ஓரத்தில் ஓடும் அந்தப் பெட்டிகளை இந்தக் கட்டுரையில் பக்கப்பெட்டி என்று சொல்கிறேன். மொத்த வேலையும் அவற்றைச் சுற்றித்தான்.

914 அறிமுகமானது 1969-இல். தயாரிப்பு 1976 வரை நடந்தது. ஃபோக்ஸ்வேகனும் போர்ஷேவும் சேர்ந்து கொண்டுவந்த கார். நான்கு சிலிண்டர் வண்டிகளை ஓஸ்னாப்ரூக் நகரில் கார்மன் நிறுவனம் கட்டியது. ஒரு லட்சத்துக்கும் அதிகமாக விற்றது, அதில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போனது. ஆறு சிலிண்டர் 914/6 மூவாயிரத்துச் சொச்சம்தான். இன்று இவற்றில் எதை வாங்கினாலும் ஐம்பது வருடத்து இரும்பை வாங்குகிறீர்கள். அந்தக் காலத்தில் தகட்டின் உட்புறத்துக்கு இன்றைய கார்களைப் போலத் துருக்காப்பு கிடையாது.

வலுவூட்டுவது புதிய யோசனை இல்லை. பந்தயத்துக்கும் ராலிக்கும் தயாரான 914/6 ஜிடி வண்டிகளின் பின்சஸ்பென்ஷன் பகுதியில் கூடுதல் தகடுகளை வெல்ட் செய்தார்கள். 1970 லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஒரு 914/6 ஜிடி ஒட்டுமொத்தத்தில் ஆறாவதாக வந்து தன் வகுப்பை வென்றது. இப்போது வெட்டி மடித்துத் துளையும் போட்ட தகடுகள் தொகுப்பாகவே கிடைக்கின்றன. பக்கப்பெட்டியின் உள்சுவரைப் போர்த்தும் தகடு, வெளிச்சுவரைப் போர்த்தும் தகடு, பின்சஸ்பென்ஷன் கை பொருந்தும் இடத்துக்கான சிறு துண்டுகள் என்று வரும். வெல்டிங் ஓரளவு பழகியவர் இந்த வேலையைச் செய்துவிட முடியும். ஆனால் தகடு வெல்ட் ஆகும் நேரத்தில் வண்டி எந்த வடிவத்தில் நிற்கிறதோ, அதே வடிவத்தில்தான் இனி நிற்கும். நேராக இருந்தால் நேராக, கோணலாக இருந்தால் கோணலாக. அதனால் இந்த வேலையின் பாதிக்கு மேல் வெல்டரைக் கையில் எடுப்பதற்கு முன்பே முடிந்துவிடும்.

உங்கள் வண்டிக்குத் தேவையா?

எல்லா 914-க்கும் இது தேவையில்லை. தகடு நல்ல நிலையில் இருந்து, 1.7 அல்லது 1.8 லிட்டர் எஞ்சினோடு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஓடும் வண்டியென்றால் கம்பெனி கட்டிய பலமே போதும். அசல் நிலையில் உள்ள 914/6 என்றால் நான் கை வைக்கச் சொல்ல மாட்டேன். வெல்ட் செய்ததைத் திரும்ப எடுக்க முடியாது, அந்த வண்டிக்கு அசல்தன்மைதான் மதிப்பு. பெரிய எஞ்சின் ஏற்றுகிறீர்களா, அகலமான ஒட்டும் டயர் போட்டுப் பந்தயத் தடத்துக்குப் போகிறீர்களா, துரு பிடித்த பக்கப்பெட்டியை எப்படியும் திறந்து சரிசெய்யப் போகிறீர்களா? அப்போது தகடு வையுங்கள்.

ஒரு எளிய சோதனை உண்டு. சமதரையில் வண்டியை நிறுத்திக் கதவின் பின்விளிம்புக்கும் பூட்டுத்தூணுக்கும் இடையே உள்ள சந்தை மேலேயும் கீழேயும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் பக்கவாட்டு ஜாக்கிப் புள்ளியில் மெதுவாகத் தூக்கி மறுபடி அளந்து பாருங்கள். கதவையும் திறந்து மூடுங்கள். மேல்சந்து கண்ணுக்குத் தெரியும் அளவு மாறினால், அல்லது கதவு உரசிக்கொண்டு திறந்தால், பெட்டி தளர்ந்திருக்கிறது. தூக்கும்போது மொறுமொறுவென்று சத்தம் வந்தால் உடனே இறக்கிவிடுங்கள். உள்ளே தகடு நசுங்குகிறது. வண்டி தரையில் நிற்கும்போதே மேல்சந்து கீழ்ச்சந்தைவிடக் குறுகலாக இருந்தால் நடுப்பகுதி தொய்ந்து, முன்தூணும் பின்தூணும் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்துவிட்டன என்று அர்த்தம்.

துருவைத் தேடுவது

வலது பக்கத்திலிருந்து தொடங்குங்கள். 914-இல் பேட்டரி எஞ்சின் அறையின் வலது மூலையில் இருக்கிறது. எஞ்சின் மூடியின் கம்பிவலை வழியாக மழைத்தண்ணீர் நேராக உள்ளே விழும். பேட்டரியிலிருந்து கசியும் அமிலத்தோடு அது சேர்ந்து, பேட்டரித் தட்டைத் தின்று, அதன் கீழே உள்ள பக்கப்பெட்டியின் மேல்முகத்தைத் தின்று, பின்சஸ்பென்ஷன் கை பொருந்தும் பிராக்கெட் வரை இறங்கும். 914 ஆட்கள் இந்த இடத்தை நரகக்குழி என்றே அழைக்கிறார்கள்.

பேட்டரியையும் தட்டையும் கழற்றுங்கள். மேலே பூசியிருக்கும் தார்ப்பூச்சைச் சுரண்டி எடுங்கள். சிறிய சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் நல்ல தகடு கணீரென்று பேசும், துரு தின்ற தகடு மொத்தென்று ஒலிக்கும். மொத்தென்று கேட்ட இடத்தில் ஸ்க்ரூடிரைவர் முனையை அழுத்திப் பாருங்கள். அடுத்து, கதவுக்குக் கீழே வெளியில் தெரியும் மூடியைக் கழற்றுங்கள். அது ஸ்க்ரூவில் நிற்கும் அலங்கார மூடிதான், உண்மையான பெட்டி அதன் பின்னால் இருக்கிறது. இத்தனை வருடச் சேறு அங்கே குவிந்திருக்கும். ஜாக்கி செருகும் குழாயைச் சுற்றி நன்றாகப் பாருங்கள். உள்ளே கம்பளத்தைத் தூக்கி, சீட்டின் பின்னால் பெட்டியும் எஞ்சின் தடுப்புச்சுவரும் சேரும் மூலையைப் பாருங்கள்.

துரு இருந்தால் அதன் மேல் தகடு போர்த்தாதீர்கள். பலரும் இதைத்தான் செய்கிறார்கள், வேலையும் பார்ப்பதற்கு அழகாகவே முடியும். ஆனால் உள்ளே துரு தன் பாட்டுக்குத் தின்றுகொண்டே போகும், இரண்டு மூன்று மழைக்காலம் கழிந்தால் புதுத்தகடு ஒட்டியிருக்க அடியில் ஒன்றும் மிஞ்சாது. பளபளவென்று வெள்ளை இரும்பு தெரியும் வரை வெட்டி எடுத்து, அதே கனத்தில் புதுத்துண்டு வைத்து, விளிம்போடு விளிம்பு சேர்த்து வெல்ட் செய்யுங்கள். பெட்டியைப் பழையபடி முழுப்பெட்டியாக்கிய பிறகே வலுவூட்டும் தகடு. சஸ்பென்ஷன் பிராக்கெட் துருவில் போயிருந்தால் அதை மாற்றும் வேலையை அளவுச்சட்டம் வைத்திருக்கும் பட்டறையிடம் கொடுங்கள். பின்சக்கரத்தின் கோணம் அந்த ஒரு இடத்தைப் பொறுத்தது. கண் அளவில் செய்யும் வேலை அல்ல அது.

கழற்ற வேண்டியவை

எஞ்சினையும் கியர்பெட்டியையும் இறக்கிவிடுவது நல்லது. நரகக்குழிப் பக்கம் கை போகாமல் எதுவும் செய்ய முடியாது. பெட்ரோல் டாங்க் முன்பக்கம் இருக்கிறது, அதையும் எடுத்து வெளியே வைத்துவிடுங்கள். இதோடு புதியவர்கள் மறந்துவிடும் ஒன்று உண்டு. பெட்ரோல் குழாய்கள் நடுச்சுரங்கத்துக்குள் ஓடுகின்றன. கம்பெனி போட்டது பிளாஸ்டிக் குழாய். இந்த வயதில் கை பட்டாலே நொறுங்கும், உள்ளே மிச்சப் பெட்ரோலும் நிற்கும். வெல்ட் செய்வதற்கு முன் அவற்றைக் காலிசெய்து உருவி எடுத்துவிட்டு, வேலை முடிந்ததும் எவர்சில்வர் குழாயாக மாற்றுங்கள்.

பேட்டரி இணைப்பைக் கழற்றினால் மட்டும் போதாது. ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் கட்டுப்பாட்டுப் பெட்டியின் பிளக்கையும் ஆல்டர்னேட்டர் இணைப்பையும் பிடுங்குங்கள். சீட், கம்பளம், தரையில் ஒட்டியிருக்கும் தார் விரிப்பு எல்லாம் வெளியே வரட்டும். வெல்ட் செய்யும் இடத்திலிருந்து இரண்டு பக்கமும் ஒரு சாண் தூரத்துக்குத் தாரோ அண்டர்கோட்டோ இருக்கக் கூடாது. அது உருகி எரியும், புகையும் நல்லதல்ல. கண்ணாடிகளைக் கெட்டியான துணியால் மூடுங்கள். கிரைண்டர் பொறி கண்ணாடியில் பட்டால் புள்ளிபுள்ளியாக உருகிப் பதிந்துவிடும், தேய்த்தாலும் போகாது.

அளவும் முட்டும்

இங்கே அவசரப்படாதீர்கள். கதவுகள் மாட்டியிருக்கும்போதே தொடங்க வேண்டும்.

வண்டியை நான்கு ஸ்டாண்டில் ஏற்றுங்கள். ஸ்டாண்டுகள் சஸ்பென்ஷன் உடலோடு சேரும் இடங்களுக்குப் பக்கத்தில் நிற்கட்டும், அதாவது சக்கரங்கள் வண்டியைத் தாங்கும் அதே இடங்களில். நடுவில் தாங்கினால் இரண்டு முனையும் கீழே தொங்கும், அந்த வளைவையே நீங்கள் வெல்ட் செய்து நிரந்தரமாக்கிவிடுவீர்கள். ரசமட்டத்தை முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை குறுக்கே வைத்து இரண்டும் ஒன்றுபோலக் காட்டுகிறதா என்று பாருங்கள். ஒன்றுபோல இல்லையென்றால் உடல் முறுக்கிக்கொண்டு நிற்கிறது. ஸ்டாண்டுக்கு அடியில் தகடு செருகிச் சரிசெய்யுங்கள்.

இப்போது கதவுச் சந்துகள். முன்விளிம்பு, பின்விளிம்பு, கீழ்விளிம்பு எல்லாம் மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக இருக்க வேண்டும். மேலே குறுகலாக இருந்தால், ஒரு நீளக் கட்டையை இடையில் வைத்து, நடுப்பகுதியை ஜாக்கியால் நூலளவு நூலளவாக உயர்த்துங்கள். பாரம் இரண்டு பெட்டிகளிலும் பரவ வேண்டும், ஒரே புள்ளியில் விழக் கூடாது. சந்து சரியாகி, கதவு தானாக மூடி அழகாகப் பூட்டிக்கொள்ளும் நிலை வந்ததும் நிறுத்திவிட்டு எல்லா அளவையும் நோட்டில் எழுதுங்கள்.

அடுத்து மூலைவிட்ட அளவுகள். கதவுத் திறப்பின் நான்கு மூலைகளிலும் சென்டர் பஞ்சால் சிறு புள்ளி அடித்து, குறுக்கு அளவு இரண்டையும் எடுங்கள். இடது கதவுத் திறப்பும் வலது கதவுத் திறப்பும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். வண்டிக்கு அடியில், சஸ்பென்ஷன் போல்ட்களிலிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சாக்பீஸ் புள்ளி வைத்து, அந்தப் புள்ளிகளுக்கு இடையே மூலைவிட்டம் அளக்கலாம். கம்பெனியின் வொர்க்‌ஷாப் கையேட்டில் உள்ள உடல் அளவுப் படத்தோடு ஒப்பிடுங்கள். ஓரிரு மில்லிமீட்டர் வித்தியாசம் பரவாயில்லை. அதற்கு மேல் போனால் இந்த வண்டி எப்போதோ அடிவாங்கியிருக்கிறது, முதலில் இழுத்து நேராக்க வேண்டும்.

சரி, இப்போது கதவுகளைக் கழற்றலாம். 25 மி.மீ. சதுரக் குழாயில் முட்டு செய்துகொள்ளுங்கள். கதவுக் கீல் போல்ட் துளைகளில் ஒரு முனை, பூட்டுத்தூணில் சீட் பெல்ட் போல்ட் துளையில் மறுமுனை. இதோடு ஒரு சாய்வு முட்டும், இடமிருந்து வலமாகக் குறுக்கே ஒரு முட்டும் வேண்டும். போல்ட்டில் பொருத்துவதே நல்லது, வெல்ட் செய்தால் பிறகு வெட்டித் தேய்க்க வேண்டி வரும். மேல்முட்டின் நடுவில் இரண்டு பக்கமும் மரை உள்ள டர்ன்பக்கிள் இருந்தால் அரை மில்லிமீட்டர் வரை திருகித் திருத்தலாம். முட்டு ஏறியதும் மூலைவிட்டங்களை மறுபடி அளந்து பாருங்கள். போல்ட்டை இறுக்கும்போதே வண்டி கொஞ்சம் நகரும். வண்டியைச் சுழல்தாங்கியில் ஏற்றித் திருப்பப் போகிறீர்கள் என்றால், முட்டு எல்லாம் ஏறிய பிறகே ஏற்றுங்கள்.

தகட்டைப் பொருத்துவது

பெட்டிக்குப் பலம் கொடுப்பது அது முழுதாக மூடியிருப்பதுதான். அட்டைப்பெட்டியை மூடி ஒட்டிவிட்டால் முறுக்க முடியாது, திறந்து வைத்தால் குழந்தைகூட முறுக்கிவிடும். இங்கேயும் அதே கணக்கு. எனவே கனமான தகடு போட்டால் அதிக பலம் என்று நினைக்காதீர்கள். நீங்களே வெட்டுவதானால் 1.2 முதல் 1.6 மி.மீ. வரையிலான சாதாரண மைல்டு ஸ்டீல் போதும். 3 மி.மீ. தகட்டைக் கொண்டுபோய் மெல்லிய உடல் தகட்டில் ஒட்டினால் எடைதான் கூடும். தகடு முடியும் விளிம்பில் விசை எல்லாம் குவிந்து, ஒட்டின இடத்துக்குப் பக்கத்திலேயே பழைய தகடு விரிசல் விடும். இதே காரணத்துக்காகத் தகட்டின் முனையைச் செங்குத்தாக முடிக்காமல் நாக்குப்போலக் குறுக்கி, மூலைகளை உருட்டிவிடுங்கள்.

தகடு பெட்டியோடு ஒட்டி உட்கார வேண்டும். அரை மில்லிமீட்டருக்கு மேல் இடுக்கு தெரிந்தால் தட்டிப் படியவையுங்கள், வெல்டால் இடுக்கை நிரப்பப் பார்க்காதீர்கள். நடுநடுவே தானே மரை வெட்டும் ஸ்க்ரூ போட்டு இழுத்துப் பிடித்தால் வேலை சுலபம். தண்ணீர் வடியும் துளைகளை மூடிவிடக் கூடாது, புதுத்தகட்டிலும் அதே இடத்தில் துளை விடுங்கள். ஹீட்டரின் சூடான காற்று போகும் குழாய் இந்தப் பெட்டிக்குள்தான் ஓடுகிறது என்பதால் நீளமான டிரில் பிட்டை உள்ளே விட்டுவிடாதீர்கள்.

வெல்டால் நிரப்பப்போகும் துளைகள் 8 மி.மீ. இருக்கட்டும், ஒன்றுக்கொன்று 40 முதல் 50 மி.மீ. தள்ளி. இரண்டு தகடும் ஒட்டும் முகங்களில் பழைய பெயிண்ட்டை முழுதாக எடுத்துவிட்டு, வெல்ட் தாங்கும் துத்தநாக பிரைமர் அடியுங்கள். துளைக்கு நேரே மட்டும் அந்த பிரைமரைச் சுரண்டி வெற்று இரும்பாக்குங்கள்.

எண்ணெய் துடைக்க பிரேக் கிளீனர் எடுப்பவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். குளோரின் கலந்த கிளீனரின் மிச்சம் வெல்டிங் ஆர்க்கில் பட்டால் ஃபாஸ்ஜீன் என்ற உயிர்க்கொல்லி வாயு உண்டாகும். அத்தகைய டப்பாவைப் பட்டறையிலேயே வைக்காதீர்கள். அசிட்டோனால் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு தொடங்குங்கள்.

வெல்டிங்

கம்பியைத் தானே தள்ளிக்கொடுக்கும் மிக் (MIG) வெல்டரும் ஆர்கான் கார்பன் டை ஆக்ஸைடு கலவை வாயுவும் வேண்டும். கம்பி 0.6 அல்லது 0.8 மி.மீ. வாயு இல்லாமல் ஓடும் ஃபிளக்ஸ் கம்பி மெல்லிய தகட்டுக்குச் சூடு அதிகம், பொறியும் அதிகம்.

வண்டியில் தொடுவதற்கு முன் துண்டுத்தகட்டில் பழகுங்கள். வண்டியில் உள்ள அதே கனத்தில் கீழே ஒன்று, மேலே துளையிட்ட ஒன்று. கம்பியைத் துளையின் நடுவில் கீழ்த்தகட்டில் வைத்து ஆர்க் பிடித்து, அது உருகிக் குளமானதும் வட்டமாக வெளிநோக்கிச் சுற்றி மேல்தகட்டின் விளிம்பைச் சேர்த்து நிறுத்துங்கள். இரண்டு மூன்று விநாடி வேலை. ஆறியதும் துண்டை வைஸில் பிடித்து உளி வைத்துப் பிரியுங்கள். வெல்ட் நன்றாகப் பிடித்திருந்தால் கீழ்த்தகட்டையே காசு அளவுக்குப் பிய்த்துக்கொண்டு வரும், அங்கே ஓட்டை விழும். சுத்தமாகப் பெயர்ந்து வந்து கீழே ஒரு தழும்பு மட்டும் தெரிந்தால் அது ஒட்டவே இல்லை. கரண்டைக் கொஞ்சம் ஏற்றுங்கள். பின்பக்கத்தில் நீலநிற வட்டமும் நடுவில் சின்னப் புடைப்பும் தெரிய வேண்டும். மேலே எவ்வளவு அழகாக இருந்தாலும் பின்பக்கத்தை நம்புங்கள். பிரித்த துண்டு எல்லாம் தொடர்ந்து ஓட்டை விழும்வரை வண்டிப் பக்கம் போகாதீர்கள்.

வண்டியில் முதலில் டாக் மட்டும், அதாவது தகட்டை இடத்தில் நிறுத்தும் சின்னப் பொட்டு வெல்ட். இரண்டு பக்கத் தகடுகளையும் ஆங்காங்கே டாக் போட்டு நிறுத்திவிட்டு மூலைவிட்டங்களை அளக்கவும். சரியாக இருந்தால் நடுவில் ஒரு துளை, பிறகு முன்கோடியில் ஒன்று, பின்கோடியில் ஒன்று, அப்புறம் எழுந்து மறுபக்கம் போய் அங்கேயும் அதேபோல. வெல்ட் ஆறும்போது சுருங்கும், சுருங்கும்போது இழுக்கும். அடுத்தடுத்த துளைகளை வரிசையாக அடித்துக்கொண்டே போனால் அந்த இழுவை எல்லாம் ஒரே திசையில் சேர்ந்து பெட்டியை வில்லாக வளைத்துவிடும், முட்டாலும் முழுதாகத் தடுக்க முடியாது. அடுத்த துளைக்குப் போகும் முன் பக்கத்தில் கை வையுங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் வேறு இடத்துக்குப் போங்கள் அல்லது டீ குடிக்கப் போங்கள். ஈரத்துணி போட்டுக் குளிரவைக்க வேண்டாம்.

விளிம்புகளுக்கும் இதேதான். 20 முதல் 25 மி.மீ. நீளத்துக்கு ஒரு தையல், அதே அளவு இடைவெளி, மறுபடி தையல். சுற்றிலும் ஒரே கோடாக இழுக்க வேண்டியதில்லை. ஸ்க்ரூ போட்ட துளைகளைக் கடைசியில் நிரப்புங்கள். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் மூலைவிட்டத்தை அளந்து தேதியோடு எழுதிவையுங்கள்.

தோல் கையுறை, பருத்திச் சட்டை, தானே இருளும் முகமூடி கட்டாயம். துத்தநாகப் புகைக்கு வடிகட்டி உள்ள மூச்சுக்கவசம் போடுங்கள், கதவையும் ஜன்னலையும் திறந்து வையுங்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பெட்டிக்குள் பழைய மெழுகும் எண்ணெயும் இருக்கக்கூடும். வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளுக்குள் கனன்றுகொண்டிருக்கும். கடைசி வெல்டுக்குப் பிறகு ஒரு மணி நேரமாவது வண்டியை விட்டுப் போகாதீர்கள்.

வெல்டுக்குப் பிறகு

தலை எழும்பியிருக்கும் வெல்டைத் தேய்க்கலாம், ஆனால் தகட்டோடு தகடாக மழிக்கத் தேவையில்லை. கண்ணுக்குத் தெரியாத இடம், பலம்தான் முக்கியம். எபாக்ஸி பிரைமர், விளிம்பைச் சுற்றிச் சீம் சீலர், மேலே பெயிண்ட். சீலர் போடாமல் விட்டால் தையல்களுக்கு நடுவே தண்ணீர் புகுந்து இரண்டு தகட்டுக்கும் இடையில் நிற்கும்.

வெளிப்பூச்சோடு வேலை முடிந்துவிடவில்லை. வெல்ட் பட்ட ஒவ்வொரு இடத்திலும் பெட்டியின் உள்முகப் பூச்சு எரிந்து இரும்பு அம்மணமாக நிற்கிறது. வடிகால் துளை வழியாக நீளக் குழாய் விட்டு, எல்லாப் பக்கமும் தெளிக்கும் மூக்கு மாட்டி, கேவிட்டி வாக்ஸ் அடியுங்கள். கீழ்த்துளைகளில் மெழுகு சொட்டினால் உள்ளே போய்ச் சேர்ந்துவிட்டது. மெழுகு ஆறியதும் அந்தத் துளைகள் அடைபடாமல் இருக்கின்றனவா என்று கம்பி விட்டுப் பாருங்கள். வெல்டிங் எல்லாம் முடிந்த பிறகே வாக்ஸ். வாக்ஸ் அடித்த பெட்டியில் மறுபடி ஆர்க் பிடித்தால் தீப்பிடிக்கும்.

முட்டைக் கழற்றிக் கதவை மாட்டுங்கள். எஞ்சின் ஏறி, வண்டி நான்கு சக்கரத்தில் நின்றதும் அந்த முதல் சோதனையை மறுபடி செய்யுங்கள்: தரையில் ஒரு அளவு, ஜாக்கிப் புள்ளியில் தூக்கி ஒரு அளவு. சந்து மாறாமல் இருந்து, தூக்கிய நிலையிலும் கதவு பழையபடி மூடினால் வேலை பிடித்திருக்கிறது. அடுத்து வீல் அலைன்மென்ட். பின்சக்கரத்தின் சாய்வுக்கோணத்தை வெளிப்பிராக்கெட்டில் ஷிம் என்னும் மெல்லிய இடைத்தகடு சேர்த்தோ எடுத்தோதான் சரிசெய்ய வேண்டும் என்பதால், 914-இல் கை பழகிய இடத்துக்குக் கொண்டுபோங்கள்.

பேட்டரியை அதே மூலையில் வைப்பதானால் அமிலம் கசியாத மூடிய வகை வாங்கி, தட்டின் அடியில் பிளாஸ்டிக் ஏந்தல் ஒன்றைப் போட்டுவிடுங்கள். எஞ்சின் மூடியின் கம்பிவலைக்கு அடியில் மழைத்தண்ணீரைப் பிடித்து ஓரமாக வடிக்கும் தட்டுகள் சில வண்டிகளில் உண்டு. உங்களுடையதில் இல்லையென்றால் வாங்கி மாட்டுங்கள்.